பைத்தானுக்குத் தனிக்குடித்தனம்

திங்கட்கிழமை காலை அச்சகத்தின் கதவைத் தள்ளியதுமே ஏதோ சரியில்லை என்று புள்ளியக்காவுக்குப் பட்டது. எந்திரத்தின் சத்தத்தைக் காணோம். மற்ற நாட்களில் அது காது கிழியக் கத்திக்கொண்டிருக்கும். கனமான தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தும் அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு வார்த்தை பேசுவதென்றாலும் தொண்டைத்தண்ணி வற்றிப்போகும். இன்று மின்விசிறி சுற்றுவதுகூடத் தனியாகக் கேட்டது.

பார்வையற்ற பிள்ளைகளுக்கான பிரெய்ல் புத்தகங்களை அச்சிடும் சின்ன அச்சகம் அது. அச்சாகி வரும் பக்கங்களை விரலால் தடவிப் பிழை பார்ப்பது அவளுடைய வேலை. அவளுக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரே ஒரு புள்ளி பிசகியிருந்தாலும் பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாள், யார் கெஞ்சினாலும் மசியமாட்டாள் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவள் புள்ளியக்கா. அவளுடைய கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். "ஊர்ல எல்லாருக்கும் கண்ணாடி வித்துட்டேன், வீட்ல ஒண்ணுகூட போணியாகலை" என்று அவர் அலுத்துக்கொள்வதும், "என் கண்ணுக்கு நீங்க ஒருத்தரே போதும், உங்க கண்ணாடி வேண்டாம்" என்று அவள் திருப்பிக் கொடுப்பதும் அந்த வீட்டில் சாதாரணம்.

"அக்கா, மலைப்பாம்பைக் காணோம்" என்றார் எந்திரக்காரர். அச்சு எந்திரத்தை ஓட்டுபவர் அவர்தான். ஆள் வாட்டசாட்டம், குரல் மட்டும் பூனைக்குட்டி.

"என்னது?"

"அந்தப் பைத்தான். கம்ப்யூட்டர் சனிக்கிழமை தானாவே எதையோ புதுசா ஏத்திக்கிச்சாம். இப்போ அச்சுக் கட்டளையைப் போட்டா இல்லைங்குது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கட்டளையைத் தட்டினாள். திரையில் வருவதை எல்லாம் வாய்விட்டுப் படிக்கும் நிரல் ஒன்று அந்தக் கணினியில் உண்டு. மூச்சு விடாமல் பேசும் பெண்குரல் என்பதால் அதற்கு அம்மணி என்று பெயர். அம்மணி உணர்ச்சியே இல்லாமல் சொன்னாள்: "பைத்தான். கமாண்ட் நாட் ஃபவுண்ட்."

விஷயம் இதுதான். தமிழ் எழுத்தை பிரெய்ல் புள்ளியாக மாற்றி எந்திரத்துக்கு அனுப்பும் நிரலை அவளுடைய தம்பி பல வருஷத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்திருந்தான். அவன் எழுதியது பைத்தான் என்ற கணினி மொழியில், அதுவும் அதன் பழைய பதிப்பில். அந்தக் காலத்தில் கணினி வாங்கும்போதே அந்த மொழியும் உள்ளே இருக்கும். யாரும் தனியாக நிறுவ வேண்டியதில்லை. பழைய பதிப்புக்கு ஆயுள் முடிந்து வெகுநாள் ஆயிற்று. சனிக்கிழமை வந்த புதுப்பிப்பு அதைத் துடைத்தெடுத்துவிட்டது. வாடகைக்கு இருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்த மாதிரி, அந்த மொழி இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது.

மேலாளர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பிரச்சினை என்றால் அவருக்கு முதலில் வேர்க்கும், அப்புறம்தான் யோசனை வரும்.

"வெள்ளிக்கிழமை வேன் வந்துடும்மா. கணக்குப் பரீட்சைக் கேள்வித்தாள். ஒரு பக்கம்கூட அடிக்கலை. வெளியில ஒரு கம்பெனிக்கு ஃபோன் பண்ணேன். அடுத்த வாரம்தான் ஆள் அனுப்ப முடியுமாம். வேற அச்சகத்துக்கும் குடுக்க முடியாது. கேள்வித்தாள் இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போகக்கூடாது."

"அச்சாகலைன்னா பிள்ளைங்க என்ன செய்வாங்க?"

அவர் கொஞ்சம் இழுத்தார். "பக்கத்துல ஒருத்தரை உட்கார வெச்சுக் கேள்வியைப் படிச்சுக் காட்டச் சொல்லலாம்னு மேலிடத்துல சொல்றாங்க."

 புள்ளியக்காவும் அப்படிப் பரீட்சை எழுதியவள்தான். படித்துக் காட்ட வந்த பெண்ணுக்குக் கணக்கென்றாலே காய்ச்சல். வர்க்கமூலக் குறியைக் கண்டதும் "இங்க ஏதோ கோடு போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். கேள்வியை இன்னொரு தடவை கேட்டால் உச்சுக் கொட்டினாள். மூன்றாவது தடவை கேட்க இவளுக்கே கூச்சமாகிவிட்டது. தெரிந்த கணக்கைத் தெரியாத மாதிரி விட்டுவிட்டு எழுந்து வந்த அந்த மத்தியானம் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

"அந்த மொழியை நானே மறுபடியும் ஏத்தறேன்" என்றாள்.

"உங்களுக்கு அது…" என்று ஆரம்பித்து மேலாளர் நிறுத்திக்கொண்டார்.

"தெரியாது. கொஞ்சம் தெரியும். போன வருஷம் ஒலிப்பாடம் ஒண்ணு கேட்டேன், பாதியில நிக்குது. மீதியை இந்த வாரம் படிச்சுக்கறேன்."

அன்று முழுக்க அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பைத்தானின் வலைத்தளத்தைத் திறந்து அம்மணியை ஒவ்வொரு வரியாகப் படிக்க வைத்தாள். பதிப்புகள் வரிசையாக வந்தன. ஆகப் புதியதை எடுக்காதே, அதற்கு முந்தியதை எடு, துணைப் பொட்டலங்கள் என்கிற கூடுதல் நிரல்கள் எல்லாம் அதோடு ஒத்துப்போகப் பழகியிருக்கும் என்று ஒலிப்பாடத்தில் சொன்னது நினைவிருந்தது. அப்படியே இறக்கினாள். நிறுவும் நிரல் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, கடைசியில் "வெற்றிகரமாக முடிந்தது" என்று அம்மணி ஆங்கிலத்தில் அறிவித்ததும் எந்திரக்காரர் கைதட்டினார்.

அவள் கட்டளையைத் தட்டினாள். "பைத்தான். கமாண்ட் நாட் ஃபவுண்ட்."

"இப்பத்தானே வந்துச்சு! அதுக்குள்ள எங்க போச்சு?" என்றார் எந்திரக்காரர்.

அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. புதிய பதிப்புக்குப் பெயரின் வாலில் ஒரு மூன்று சேர்ந்திருந்தது. பழைய பெயரில் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்காது.

"பேரை மாத்திக்கிட்டு வந்து எதிர்லயே நின்னிருக்கு பாருங்க" என்றாள். மூன்றைச் சேர்த்துத் தட்டியதும் அம்மணி பதிப்பு எண்ணை மடமடவென்று ஒப்பித்தாள். மொழி வந்துவிட்டது.

நிரல் ஓடவில்லை. முதல் அடியிலேயே தடுக்கி விழுந்தது. பழைய பதிப்பில் எழுதிய 'பிரிண்ட்' கட்டளைகளுக்குப் புதியதில் அடைப்புக்குறி வேண்டும். அது ஒன்று என்றால் பரவாயில்லை. எழுத்துக்களைக் கையாளும் விதமே மாறியிருந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் அம்புக்குறி விசையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். அம்மணி படிப்பாள், இவள் கேட்பாள், திருத்துவாள், ஓடவிடுவாள். இடிக்கும். அம்மணி பிழைச்செய்தியைப் படிப்பாள். மறுபடியும் அதே.

தம்பியின் வரிகளுக்குள் இப்படி நடப்பது அவளுக்கு என்னவோ போல இருந்தது. அவன் எப்படி யோசிப்பான் என்று ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. சுருக்கமாக எழுதுவான், விளக்கம் எழுத மாட்டான், எல்லாம் எதிராளிக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வான். பேசும்போதும் அப்படித்தான். அவள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது, வீடு நிறைய ஆட்கள் இருக்க, "கண்ணு தெரியாம குழந்தையை நீ எப்படிக்கா வளப்பே? பொறந்ததும் எங்ககிட்ட குடுத்துடு, நாங்க பாத்துக்கறோம்" என்றான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஏதோ வீட்டுக்கு நாற்காலி எடுத்துப் போகிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னான். அவள் எழுந்து வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். அவன் போய்விட்டான். அதோடு பேச்சு அறுந்தது. பிள்ளை இப்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தாய்மாமா என்று ஒருவர் இருக்கிறார் என்பதை அவள் புகைப்படத்தில் பார்த்ததோடு சரி.

சாயங்காலம் அடுத்த முட்டுக்கட்டை வந்தது. எந்திரத்தோடு பேசுவதற்கு ஒரு துணைப் பொட்டலம் தேவைப்பட்டது. அதை வலையிலிருந்து இறக்கினாள். "நிறுவப்பட்டது" என்றாள் அம்மணி. நிரலை ஓட்டினால், "அப்படி ஒரு பொட்டலமே இல்லை" என்றாள் அதே அம்மணி.

"ஏன்க்கா, இது என்ன நேரத்துக்கு ஒரு பேச்சு?" என்றார் எந்திரக்காரர்.

தோண்டிப் பார்த்ததில், ஒலிப்புத்தகம் தயாரிக்க யாரோ எப்போதோ ஏற்றிய ஒரு மென்பொருள், தன்னோடு ஒரு பைத்தானையும் சத்தமில்லாமல் கூட்டி வந்திருந்தது. ஒரே கணினிக்குள் இரண்டு பைத்தான். பொட்டலம் அந்த இன்னொன்றிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"நம்ம வீட்டுக்குக் கூப்பிட்ட விருந்தாளி பக்கத்து வீட்ல போய்க் கையைக் கழுவிட்டு உட்கார்ந்திருக்கார்" என்றாள் புள்ளியக்கா.

"இப்ப என்ன செய்யறது?"

"கூட்டுக்குடும்பம் நமக்கு ஆகாது. தனிக்குடித்தனம் வெச்சுட வேண்டியதுதான்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதற்கு ஒரு வழி உண்டென்று ஒலிப்பாடத்தின் மீதிப் பாதியில் கேட்டிருந்தாள். நிரலுக்கென்று தனியாக ஒரு கோப்புறை. அதற்குள் அதற்கு மட்டும் ஒரு பைத்தான், அதற்கு வேண்டிய பொட்டலங்கள். வெளியே யார் எதை ஏற்றினாலும் இறக்கினாலும் இங்கே பாத்திரம் உருளாது. அந்தத் தனிவீட்டை அமைத்து, பொட்டலத்தை மறுபடியும் அதற்குள் வரவழைத்துவிட்டுத்தான் கைப்பையை எடுத்தாள்.

வீட்டில் கணவர் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். "விரல் எல்லாம் இப்படிக் கொதிக்குதே?" என்றார், அவள் கையைப் பிடித்துப் பார்த்து.

"நாளைக்கு ஓடிடும்" என்றாள். உண்மையில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் நாளைக்குத் திரும்பிப் போய் உட்கார ஒரு காரணம் ஆயிற்று.

புதன்கிழமை நிரல் ஓடியது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. எந்திரமும் எதுவும் செய்யவில்லை. அம்மணி வாயைத் திறக்கவே இல்லை. அவள் காத்திருந்தாள். விசைகளை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தாள். பிழை என்று சொன்னால் திருத்தலாம். ஒன்றுமே சொல்லாமல் உம்மென்று இருப்பதை என்ன செய்வது? காலை முழுவதும் இப்படியே போயிற்று. 

அப்போது கதவு திறந்தது. உள்ளே வந்த ஆள் இடது காலைக் கொஞ்சம் அழுத்தி வைத்தார். அந்த நடை யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா" என்றான் தம்பி.

"யார் வரச் சொன்னா?"

"நான்தாம்மா கூப்பிட்டேன்" என்றார் மேலாளர். குரலே பாதியாக இருந்தது. "கோவிச்சுக்காதீங்க. வெள்ளிக்கிழமையை நெனச்சாலே எனக்குத் தூக்கம் வரலை."

 எந்திரக்காரர் எதற்கோ தாள்கட்டை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றினார்.

தம்பி பக்கத்தில் வந்து விசைப்பலகை மேல் கையை வைத்தான். "நீ கொஞ்சம் நகருக்கா. நான் பாக்கறேன்."

"கையை எடு."

எடுத்தான்.

"ரெண்டு நாளா உள்ள இருக்கற ஒவ்வொரு வரியும் நான் தொட்டு மாத்தினது. இப்ப நீ உட்கார்ந்து பத்து நிமிஷத்துல சரி பண்ணிட்டுப் போயிடுவே. அடுத்த தடவை இது நின்னா? நீ எங்க இருப்பியோ, எப்படி இருப்பியோ? இங்க இருக்கப்போறது நான்."

"சரி. நான் என்ன செய்யணும், சொல்லு."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக இழுத்துப் பிடித்த மூச்சை எங்கே விடுவது என்று தெரியாமல் ஒரு நிமிடம் இருந்தாள்.

"உன் கை வேண்டாம். கண்ணை மட்டும் குடு" என்றாள். "இது ஓடுது, ஆனா நகரலை. அம்மணியும் எதுவும் சொல்ல மாட்டேங்கறா. திரையில என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு. இருக்கறதைச் சொல்லு, நீ நெனக்கறதைச் சொல்லாதே."

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். "பின்னாடி ஒரு சின்னச் சன்னல் ஒளிஞ்சுக்கிட்டு இருக்குக்கா. ஓரம் மட்டும் தெரியுது. இந்த நிரல் வெளி எந்திரத்தோட பேசலாமான்னு அனுமதி கேக்குது. சம்மதம்னு சொல்ற வரைக்கும் நகராது."

"அதை முன்னாடி கொண்டு வர என்ன விசை?"

அவன் சொன்னான். அவள் தட்டினாள். அம்மணிக்கு உயிர் வந்தது. காலை முழுக்கப் பேசாததற்கும் சேர்த்து வைத்துக் கேள்வியைப் படித்தாள். புள்ளியக்கா சம்மதத்தைத் தட்டினாள்.

எந்திரம் ஒரு தடவை செருமியது. பிறகு கத்த ஆரம்பித்தது. அந்த இரைச்சலில் மேலாளர் ஏதோ சொன்னது யாருக்கும் காதில் விழவில்லை. எந்திரக்காரர் மட்டும் பூனைக்குட்டிக் குரலில், "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பி எழுந்தான். "அப்ப நான் கிளம்பறேன்."

"இரு" என்றாள் அவள், எந்திரத்திலிருந்து சூடாக வந்து விழுந்த பக்கத்தை எடுத்துக்கொண்டே. "நான் படிச்சு முடிக்கல."

ஆள்காட்டி விரல் வரி வரியாக ஓடியது. எண்கள் சரி. குறிகள் சரி. இரண்டாவது கேள்வியில் விரல் நின்றது. பின்னால் போய் மறுபடியும் வந்தது.

"முக்கேஆணம்" என்றாள்.

"என்னது?"

"முக்கோணம்னு இருக்கணும். முக்கேஆணம்னு இருக்கு. இங்க 'கெஆடுக்கப்பட்ட'ன்னு இருக்கு. முதல் கேள்வியில கொடுக்கப்பட்டன்னு ஒழுங்காத்தான் வந்திருக்கு." அடுத்த பக்கத்தைத் தடவினாள். அங்கேயும் சில இடங்களில் சரி, சில இடங்களில் குளறுபடி. "எல்லா ஒகர ஓகாரத்துலயும் வரலை. சிலதுல மட்டும் வருது. அதுதான் வயித்தெரிச்சல்."

தம்பி தாளை வாங்கிப் பார்த்தான். அவனுக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன, படிக்கத் தெரியாது. திரையில் கேள்வித்தாளைப் பார்த்தால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. 'கொ' என்றால் 'கொ'தான். அவன் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"தட்டச்சு செஞ்சவங்க ரெண்டு பேரா?" என்று கேட்டான் திடீரென்று.

"ஆமா. கேள்வியை எல்லாம் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அடிச்சாங்கன்னு நெனக்கறேன்" என்றார் மேலாளர்.

"அக்கா, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். சில கீபோர்டுல அது ரெண்டையும் சேத்து ஒரே குறியா உள்ள போகும். சிலதுல கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டா போகும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நிரல் ரெண்டையும் தனித்தனியாப் படிச்சா 'கெ'யும் 'ஆ'வும்தான் வரும். ஆனா இதுக்கு நான் ஒரு வரி வெச்சிருந்தேனே! ரெண்டா வந்தா ஒண்ணாச் சேத்துடணும்னு. ஆரம்பத்துலயே இருக்குமே."

புள்ளியக்காவின் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது.

"யூனிகோடுன்னு ஒரு வரி. அதுவா?"

"அதேதான்."

"அது புதுப் பதிப்புல பிழைன்னு விழுந்துச்சு. புதுசுல எல்லாமே யூனிகோடுதான், இனி அது தேவையில்லைன்னு பாடத்துல சொன்னாங்க. நான் வரியையே தூக்கிட்டேன்."

தம்பி சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "பாதி வரி தேவையில்லைதான்க்கா. மீதிப் பாதிதான் சேக்கற வேலையைச் செய்யுது."

"ஒரு வரிக்குள்ள ரெண்டு வேலையைத் திணிச்சு வெச்சுட்டு, பக்கத்துல ஒரு வார்த்தை எழுதி வெக்காமப் போனது யாரு?"

"நான்தான்."

"தூக்கி எறிஞ்சது நான்தான். சரி, சிரிச்சது போதும். அந்த மீதிப் பாதியை எழுத்தெழுத்தாச் சொல்லு."

அவன் சொல்ல, அவள் தட்டினாள். தட்டி முடித்து அம்மணியை ஒரு தடவை படிக்க வைத்தாள். அந்த வரிக்கு மேலே, இது எதற்காக இருக்கிறது, எடுத்தால் என்ன ஆகும் என்று தமிழில் ஒரு குறிப்பும் எழுதினாள். மறுபடியும் அச்சடித்த பக்கத்தில் விரலை ஓட்டினாள். முக்கோணம். கொடுக்கப்பட்ட. கோடு. சோதனை. தோராயமாக. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தாள். மேலாளர் ஏதோ வேண்டுதல் நிறைவேறியவரைப் போல ஒவ்வொரு சொல்லுக்கும் "ம்… ம்…" என்று கொட்டிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை எந்திரம் நிற்கவில்லை. எந்திரக்காரர் தாளை ஊட்ட, அவள் வருவதைப் படிக்க, மேலாளரே உட்கார்ந்து பக்கங்களை அடுக்கிக் கம்பியடித்தார். தம்பியும் அன்றைக்கு வந்தான். யாரும் கூப்பிடவில்லை. கணினிப் பக்கம் போகாமல், பெட்டிகளில் கட்டுகளை வைத்து ஒட்டுகிற வேலையை எடுத்துக்கொண்டான். மாலையில் பசைநாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டே, அவள் பக்கம் திரும்பாமல் கேட்டான்: "பாப்பா எப்படி இருக்கா?"

புள்ளியக்கா கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்தாள்.

"எங்கிட்ட ஏன் கேக்கறே? வீட்டுக்கு வந்து அவளையே கேளு."

"வரலாமா?"

"அன்னிக்கு நீ சொன்னதை நான் மறக்கலை. மறக்கவும் போறதில்லை. அவளை வளத்துக் காட்டணும்னு நான் வளக்கலை. ஆனா நீ வந்து பாக்கணும். சனிக்கிழமை அவர் கடைக்கு மத்தியானம்தான் போவார். அதுக்கு முன்னாடி வா."

"தப்புதான்க்கா நான் பேசினது."

"தெரியும். உனக்கும் தெரிஞ்சா சரி."

வெள்ளிக்கிழமை வேன் வந்தது. ஓட்டுநர் பெட்டிகளை எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கதவை அடித்துச் சாத்தினார். அவ்வளவுதான். ஆரவாரம் எதுவும் இல்லை. எங்கோ ஒரு கூடத்தில் பிள்ளைகள் தாங்களே விரலை வைத்துக் கேள்வியைப் படிப்பார்கள், பிடிபடாவிட்டால் நூறு தடவை கூடத் திரும்பப் படிப்பார்கள், யாரும் உச்சுக் கொட்ட மாட்டார்கள். வேன் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்கும்வரை அவள் வாசலிலேயே நின்றாள்.

சனிக்கிழமை தம்பி வந்தான். மகள் கதவைத் திறந்து, அவனை மேலும் கீழும் பார்த்து, "ஃபோட்டோவுல இவ்வளவு தொப்பை இல்லையே" என்றாள். கணவர் உள்ளேயிருந்து ஓடிவந்து சமாளிக்கப் பார்த்தார். தம்பி தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். அந்தச் சிரிப்பு நடுவில் எங்கேயோ வேறு மாதிரி ஆகிவிட்டது. புள்ளியக்கா அதைக் கேட்டும் கேட்காதவள் போல அடுக்களையில் டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவனாகவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு சரியானான்.

அடுத்த திங்கட்கிழமை அவள் மேலாளரிடம் போய், மூலையில் தூசி படிந்து கிடந்த இன்னொரு கணினியைக் கேட்டு வாங்கினாள்.

"எதுக்கும்மா? இதுதான் நல்லா ஓடுதே?"

"இது ஓடிக்கிட்டே இருக்கட்டும். இதுல இனிமே எதுவும் தானா ஏறாது, நிறுத்தி வெச்சுட்டேன். புதுசா எது வந்தாலும் முதல்ல அந்தப் பழசுல ஏத்திப் பாக்கணும். அங்க ஒரு முழுப் புத்தகம் அடிச்சு, நான் படிச்சு, சரின்னு சொன்னாத்தான் இங்க வரும். புதுசே வேண்டாம்னு கதவைச் சாத்திக்கிட்டு உட்கார முடியாது. அப்படி உட்கார்ந்ததாலதான் போன வாரம் மாட்டிக்கிட்டோம்."

"நீங்களே பாத்துக்கறீங்களா?"

"நான் மட்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு அவள் எந்திரக்காரரைக் கூப்பிட்டாள்.

அவர் தாள்கட்டோடு வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் கட்டைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ அக்கா, எனக்கும் இதுக்கும் ஏழாம் பொருத்தம். ஆங்கிலமும் தகராறு."

"அம்மணி படிப்பா. புரியாததை நான் சொல்றேன். எனக்கு ஜுரம் வந்து படுத்துட்டா பிள்ளைங்க பரீட்சை எனக்காகக் காத்திருக்குமா? உட்காருங்க."

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டாள். வெறுமையாகத் துடைத்து வைத்திருந்த அந்தக் கணினியில் அம்மணியின் குரல் கொஞ்சம் கரகரவென்று வந்தது.

"முதல்ல வலைத்தளம்" என்றாள் புள்ளியக்கா. "பதிப்பு எல்லாம் வரிசையா வரும். ஒவ்வொண்ணா கேளுங்க. அவசரமே இல்லை."

எந்திரக்காரர் தடியான விரலால் விசையை ஒரு தட்டுத் தட்டினார். மேசையே ஆடியது.

"அக்கா, ஏதோ கேக்குது. ஆமான்னு சொல்லவா, இல்லைன்னு சொல்லவா?"

"கேள்வியை முழுசாப் படிக்க விடுங்க" என்றாள் அவள். "அப்புறம் சொல்லுங்க, நீங்க என்ன நெனக்கறீங்க?"